பேரம் பேசும் கலை: நம் கடற்கரைத் தாய்மார் தரும் பாடம்

வகுப்பறையில் சற்றுச் சத்தம் மிகுந்தால், "இது என்ன பள்ளிக்கூடமா, மீன் கடையா?" என்ற கேள்வி எழுவது யாவரும் அறிந்ததே. பெண் குழந்தை வீட்டில் குரல் உயர்த்திப் பேசினாலும், "மீன்காரி மாதிரிக் கத்தாதே" என்று கடிந்துகொள்வார்கள். இவ்வாறு சொல்கிறவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் முத்து நகராம் தூத்துக்குடியில் பிறந்து, அந்த மீன் கூடையின் வருவாயில் கட்டணமும் சீருடையும் பெற்று, இதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எங்களுள் பலர். ஆகவே மீன் விற்கும் பெண்கள் உண்மையில் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதைப் பாடம் போலவே ஆராய்ந்து எழுத விரும்பினோம். தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கேட்டோம், கரையில் நின்று கவனித்தோம், நூல்களிலும் படித்தோம்.

நாங்கள் கண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேரத்தின் பலம் வாயில் இல்லை. சரக்கைப் பற்றிய அறிவு, காத்திருக்கும் வசதி, கூட்டு ஒற்றுமை, கடனில்லாத கை, சொன்ன சொல் தவறாத நாணயம் ஆகிய ஐந்திலும்தான் அது இருக்கிறது. இந்த ஐந்தும் இல்லாதவள் எவ்வளவு உரக்கப் பேசினாலும் விலை அவள் கையில் நிற்பதில்லை.

பழமையான தொழில்

பேரம் நம் கரைக்குப் புதியதன்று. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை முத்துக்குப் பெயர்பெற்றிருந்ததைச் சங்க நூல்கள் கூறுகின்றன. உப்பு வணிகர் குலத்துப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று, நெல்லுக்கு உப்பு மாற்றிக்கொள்ளும்படி தெருவில் கூவி விற்றதை அகநானூற்றில் காண்கிறோம். எவ்வளவு நெல்லுக்கு எவ்வளவு உப்பு என்பதைப் பேசித்தான் தீர்த்திருக்க வேண்டும். நெய்தல் நிலப் பெண் அன்றே வணிகம் செய்தாள்.

முத்துக்குளிப்பும் பேரத்தின் கதையே. பிரிட்டிஷ் ஆட்சியின் பிற்காலத்தில், கடலில் மூழ்கி எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு; எஞ்சிய பங்கு அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விட்டார்கள். சிப்பி திறக்கப்படாமலே விற்கப்பட்டது. உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. நம் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. முத்து போயிற்று, ஏலம் மட்டும் மீன் உருவில் இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மூடிய சிப்பியை வாங்குகிறவன் அதிர்ஷ்டத்தை நம்பினான். மீனை ஏலம் எடுக்கிற பெண் தன் கண்ணையும் விரலையும் நம்புகிறாள்.

முதல் பலம்: சரக்கறிவு

திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் வந்து சேர்ந்ததும் மீன் மணலில் குவிக்கப்படுகிறது. ஏலம் கூறுபவர் ஒரு விலையைத் தொடங்குகிறார். எடை போடுவதற்கெல்லாம் அங்கே நேரமில்லை. குவியலைப் பார்த்தவுடனே இது எத்தனை கிலோ தேறும், தெருவில் எத்தனை கூறு வைக்கலாம், கூறு என்ன விலைக்குப் போகும், ஐஸ் கட்டிக்கும் வண்டிக்கும் எவ்வளவு போகும் என்ற கணக்கு அந்தப் பெண்ணின் மனத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. நாங்கள் தாளும் பென்சிலும் கொண்டு போடும் கணக்கை அவர்கள் ஏலக்காரர் அடுத்த விலை சொல்வதற்குள் போடுகிறார்கள்.

செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்புகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. அதைவிடப் பெரியது, அன்றைய நாளை அறிவது. காற்று மாறினால் நாளை மீன் வரத்து குறையும் என்று தெரிந்தவள் இன்று ஒரு கை கூடுதலாக வாங்குவாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் இறைச்சி இல்லை. எனவே மீனுக்குத் தேவை உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், ஐயப்ப பக்தர்கள் மாலை அணியும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் இந்துச் சகோதரர்கள் பலர் மீன் உண்பதில்லை. அப்போது கூடையைக் குறைத்து எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வள்ளத்து மீனுக்கு விலை ஏறும். ஆக மீன்காரப் பெண்மணியின் தலைக்குள் திருச்சபை நாட்காட்டி, இந்து பஞ்சாங்கம், அரசு ஆணை, வானிலை நான்கும் சேர்ந்து இருக்கின்றன!

இரண்டாம் பலம்: கூட்டு

ஏலத்தில் சிறு வியாபாரப் பெண்ணுக்கு எதிரே நிற்பவர்கள் பெரியவர்கள். இறால், கணவாய், சீலா போன்ற உயர்ந்த சரக்கை ஏற்றுமதி நிறுவனங்களின் ஆட்களும் வெளியூர் வியாபாரிகளும் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். ஆயிரம் ரூபாய் மட்டுமே முந்தியில் முடிந்து வந்தவள் நாலாயிரம் ரூபாய்க் குவியலைத் தொட முடியாது. ஆகவே நான்கு பெண்கள் சேர்ந்து ஒருத்தியைக் கேட்கச் சொல்கிறார்கள். அவள் ஒருத்தி வாய் திறப்பாள். மற்ற மூவரும் பேசாமல் நிற்பார்கள். நால்வரும் தனித்தனியாகக் கேட்டால் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றி, விலையைத் தாங்களே உயர்த்திவிடுவார்கள் அல்லவா?

பிறகு பங்கு பிரிக்க வேண்டும். இங்கேதான் கூட்டு நிலைக்கும் அல்லது உடையும். ஒருத்தி நான்கு கூறாகப் பிரித்தால், மற்ற மூவரும் முதலில் எடுத்துக்கொள்ள, பிரித்தவள் கடைசியாக எடுத்துக்கொள்வது நல்ல முறை. அப்போது அவள் எந்தக் கூறையும் குறைத்து வைக்க மாட்டாள். கடைசியில் எஞ்சுவது தனக்கல்லவா! ஆபிரகாமும் லோத்தும் பிரிந்தபோது, மூத்தவராகிய ஆபிரகாம் தமக்கு வேண்டிய நிலத்தை முந்திக்கொள்ளாமல் லோத்தையே முதலில் தேர்ந்துகொள்ளச் சொன்னதை நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். சண்டை வராமல் பிரிக்கும் வழி அன்றும் இன்றும் ஒன்றே.

மூன்றாம் பலம்: காத்திருக்கும் வசதி

மீன் வியாபாரத்தில் நேரம் எப்போதும் விற்பவளுக்கு எதிரி. துணிக்கடைக்காரர் இன்று விற்காத சேலையை நாளை விற்கலாம். மீனோ நண்பகலில் பாதி விலை, மாலையில் இன்னும் குறைவு. இது வாங்குபவருக்கும் தெரியும். அதனால்தான் சிலர் வேண்டுமென்றே பதினொரு மணிக்குமேல் வந்து பேரம் பேசுகிறார்கள்.

இந்த எதிரியை வெல்ல நம் கரைப் பெண்களுக்குக் கிடைத்த ஆயுதம் உப்பு. தூத்துக்குடியைச் சுற்றிலும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு, அதிலும் பெரும்பகுதி நம் மாவட்டத்திற்கு. விற்காத சாளையையும் நெத்திலியையும் காரலையும் கழுவி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தினால் கருவாடு. ஒரு நாள் சரக்கு பல வாரச் சரக்காகிவிடுகிறது. வீட்டில் உப்பும், உலர்த்தச் சிறிது இடமும் வைத்திருக்கும் பெண், "இந்த விலைக்குக் கட்டாது அக்கா, நான் கருவாடு போட்டுக்கொள்கிறேன்" என்று அமைதியாகச் சொல்ல முடியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையான வழி ஒன்று இருப்பதால் அது மிரட்டலன்று. அவ்வழி இல்லாதவள் அதே சொல்லைச் சொன்னால் வாங்குபவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

1981இல் ரோஜர் பிஷர், வில்லியம் யூரி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பேரம் பேசுவதைப் பற்றி எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. பேச்சு முறிந்தால் நாம் என்ன செய்வோம் என்பதை முன்பே ஆயத்தம் செய்து வைத்திருப்பவருக்கே பேரத்தில் பலம் என்பது அதன் முக்கியமான கருத்து. நம் பாட்டிமார் அந்த ஆயத்தத்தை மண்பானையில் உப்பாக வைத்திருந்தார்கள்.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: எதிரில் இருப்பவர் கேட்கும் விலையை மட்டும் பாராமல், அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். தெருவில் நாங்கள் கேட்ட உரையாடல் ஒன்றை இங்கே தருகிறோம்.

"ஆச்சி, இந்தக் கூறு என்ன விலை?"

"முந்நூறு தாயி. விடியக்காலத்து மீன்."

"இருநூறுக்குத் தருவீங்களா?"

"வீட்ல எத்தனை பேரு தாயி?"

"நாங்க மூணு பேருதான்."

"மூணு பேருக்கு விளமீன் எதுக்கு? இந்தச் சாளையை எடுத்துக்கோ. நூத்தைம்பது. குழம்புக்கு இதுதான் ருசி. மீதிக் காசுக்கு மாங்காய் வாங்கிப் போடு."

வாங்க வந்தவர் மகிழ்ச்சியோடு சாளை வாங்கிச் சென்றார். ஆச்சி விளமீனின் விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கொசுறாக இரண்டு சாளையைச் சேர்த்துப் போட்டதோடு சரி. அவர் கத்தவுமில்லை, கெஞ்சவுமில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

நான்காம் பலம்: கடனில்லாத கை

எங்களை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி இதுதான். பேரம் கரையில் தொடங்குவதில்லை. காலையில் யாரிடம் பணம் வாங்கினோம் என்பதில் தொடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் காலையில் வட்டிக்காரரிடம் 950 ரூபாய் பெற்று, மாலையில் 1,000 ரூபாய் திருப்பித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்தானே என்று தோன்றும். மாதத்தில் 25 நாள் வியாபாரம் நடந்தால் வட்டி மட்டும் 1,250 ரூபாய். வாங்கிய முதலைவிட ஒரு மாத வட்டி அதிகம்! மாறாக, அந்த ஐம்பது ரூபாயை நாள்தோறும் சேமிக்க முடிந்தால், 19 நாளில் 950 ரூபாய் அவளுடைய சொந்த முதலாகிவிடும். இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 10,000 ரூபாய் பெற்றால் முதல் மாத வட்டி 100 ரூபாய்தான். பத்து மடங்குக்கு மேற்பட்ட பணத்திற்குப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைந்த வட்டி!

வட்டி போவது மட்டுமன்று. மாலைக்குள் ஆயிரம் கட்டவேண்டும் என்ற அச்சத்தில் அவள் நண்பகலிலேயே மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேர்கிறது. கருவாடு போடலாம் என்று எண்ணக்கூட முடியாது. கருவாடு காய்வதற்குள் வட்டி ஏறிவிடும். ஆக, கடன் முதலில் அவளுடைய நேரத்தைப் பறித்துக்கொள்கிறது; பிறகு விலையைப் பறித்துக்கொள்கிறது. முன்பணம் கொடுத்தவருக்கே சரக்கைத் தரவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், பேரமே இல்லை.

பனைத் தொழிலிலும் இதையே காணலாம். உடன்குடிப் பக்கம் ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்க, பெண்கள் அடுப்படியில் நின்று காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். கருப்பட்டியைப் பக்குவமாய் வைத்திருந்து பருவம் முடிந்தபின் விற்றால் விலை கூடும். ஆனால் பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் அவர் சொல்லும் விலைக்கே போட்டுவிட வேண்டியதாகிறது. கெடாத சரக்கு கையிலிருந்தும் காத்திருக்கும் உரிமை கையில் இல்லை.

இதற்கு மாற்று என்ன? சேர்ந்து சேமிப்பதே. 1974இல் அகமதாபாதில் நாலாயிரம் ஏழைப் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுச் 'சேவா' வங்கியைத் தொடங்கினார்கள். 1978இல் சென்னையில் திருமதி ஜெயா அருணாசலம் 'ஒர்க்கிங் விமென்ஸ் ஃபோரம்' என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பை நிறுவினார். தெருவில் காயும் பூவும் விற்ற பெண்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, வங்கிக் கடன் பெற்றுத் தந்தார். பின்னர் கடலோரத்து மீனவப் பெண்களையும் அவ்வமைப்பு சென்றடைந்தது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று நம் கடற்கரைத் தெருக்கள்வரை வந்திருக்கின்றன. நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் கொடுமையைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும், காலை நான்கு மணிக்குக் கையில் பணம் தருவது எது என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லாது. குழுவின் சேமிப்புப் பெட்டிதான் சொல்ல முடியும்.

கடல் கடந்து ஒரு காட்சி

நம் பெண்களின் நிலையைப் புரிந்துகொள்ள, கடலை நம்பி வாழும் வேறு நாட்டுப் பெண்களையும் பார்ப்பது பயன் தரும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு உண்டு. அங்கும் ஆண்கள் கடலுக்குச் செல்கிறார்கள். பெண்கள் கரையில் மீனை வாங்கி விற்கிறார்கள். மிஞ்சியதை நாம் உப்பிடுவதுபோல் அவர்கள் அடுப்பின்மேல் தட்டில் பரப்பிப் புகையூட்டுகிறார்கள். நமக்கு உப்பு தரும் அவகாசத்தை அவர்களுக்குப் புகை தருகிறது.

ஆனால் இரண்டு வேற்றுமைகள் எங்கள் கவனத்தைக் கவர்ந்தன. ஒன்று, அங்குள்ள மீன் வியாபாரப் பெண்களுக்கு ஒரு தலைவி உண்டு. 'கொன்கொஹேமா' என்று அவளை அழைக்கிறார்கள். மீன் வியாபாரத்தின் அரசி என்று பொருள் கொள்ளலாம். மீன் விலையைப் பற்றிப் படகுக்காரர்களோடு எல்லாப் பெண்களுக்குமாகப் பேசுவது அவள் பொறுப்பு. பெண்களுக்குள் சச்சரவு வந்தாலும் அவளே தீர்த்து வைக்கிறாள். மற்றொன்று, கையில் முதல் சேர்ந்த பெண்கள் அங்கே படகுக்காரர்களுக்கே வலைக்கும் எரிபொருளுக்கும் பணம் தருகிறார்கள். அந்தப் படகு பிடித்த மீன் அவர்களிடம்தான் வரும். இங்கே முன்பணம் பெண்ணைக் கட்டுகிறது. அங்கே முன்பணம் கொடுப்பவள் பெண். கயிறு ஒன்றேதான், அதன் எந்த முனை யார் கையில் என்பதே வேற்றுமை. அங்கும் எல்லாப் பெண்களும் செல்வர் அல்லர்; சிறு கூடைக்காரிகள் அங்கும் துன்பப்படுகிறார்கள். ஆயினும் பெண் தலைமை ஏற்று எல்லாருக்காகவும் பேசலாம் என்ற வழக்கத்தை அவர்களிடம் கற்கலாம்.

நம் அண்டையிலும் எடுத்துக்காட்டு உண்டு. திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள மரியநாடு என்ற மீனவ ஊரில் மக்கள் தங்கள் மீனின் முதல் ஏலத்தைத் தங்கள் சங்கத்தின் கையிலேயே எடுத்துக்கொண்டார்கள். அவ்வழியில் எழுந்த சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன.

அரசோடும் ஒரு பேரம்

வாங்குபவரிடமும் விற்பவரிடமும் பேசுவது மட்டும் பேரமன்று. தமக்குரிய இடத்தையும் மரியாதையையும் கேட்டுப் பெறுவதும் பேரமே. கூடையோடு பேருந்தில் ஏறினால் நாற்றம் என்று முகம் சுளிப்போர் எத்தனை பேர்! 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பேருந்து நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது, நாள்தோறும் கூடை சுமக்கும் பெண்களுக்கு அது முதலில் சேர்ந்த பணமாயிற்று.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னொரு வாயிலைத் திறந்தது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. எந்தத் தெருவில் கடை போடலாம் என்று தீர்மானிக்கும் மேசையில் கூடைக்காரப் பெண்ணுக்கும் நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் அமரச் சட்டத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அவளுடைய படித்த மகளாக ஏன் இருக்கக் கூடாது?

ஐந்தாம் பலம்: நாணயம்

கடைசியாகச் சொன்னாலும் இதுவே எல்லாவற்றிற்கும் அடித்தளம். கரையில் பல சமயம் மீனைக் கடனாக எடுத்து, விற்றபின் பணம் தருவது வழக்கம். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, சொல் ஒன்றுதான். இன்று சொன்னபடி தந்தவளுக்கே நாளை மீன். தெருவிலும் அப்படியே. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று ஒருமுறை விற்றவள் அந்தத் தெருவையே இழப்பாள். வாடிக்கை வீட்டார் விலை கேளாமலே வாங்குவது ஏன்? பல ஆண்டு நாணயம் அவளுக்காக முன்னமே பேரம் பேசி முடித்துவிட்டது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் ஆகமம் எச்சரிக்கிறது. அந்நூலின் இறுதி அதிகாரம் புகழும் பெண்மணி வீட்டுக்குள் ஒடுங்கியவள் அல்லள். நிலத்தை ஆராய்ந்து வாங்குகிறாள், தான் நெய்ததை வணிகருக்கு விற்கிறாள். அப்போஸ்தலர் பணியில் வரும் லீதியா செந்நிறத் துணி விற்ற வியாபாரப் பெண். தம் இல்லத்தில் வந்து தங்கும்படி புனித பவுலையே வற்புறுத்தி இணங்க வைத்தவர் அவர். விலை பேசும் பெண்ணைத் திருமறை எங்கும் இகழவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அன்புத் தோழியரே, பெற்றோர்களே! இப்பாடத்தை எழுதும்போது ஒன்று எங்களை உறுத்தியது. துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் அச்சிட்ட விலையை நாம் வாய் திறவாமல் கொடுக்கிறோம். வெயிலில் கூடை சுமந்து வாசலுக்கு வரும் பெண்ணிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுகிறோம். பேரம் பேசுவது குற்றமன்று. அவர்களும் அதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் மாலை வேளையில், மீன் கெட்டுவிடுமே என்ற அவளுடைய அச்சத்தைப் பயன்படுத்தி விலையை அடிப்பது நேர்மையாகுமா என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவியராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கரையில் தொழில் செய்யும் அன்னையருக்கு அன்றாடக் கணக்கை ஒரு நோட்டில் எழுதித் தரலாம்: வாங்கிய விலை, ஐஸ், வண்டி, வட்டி, விற்ற பணம், மிச்சம். பல அம்மாமாருக்கு வட்டியாக மாதம் எவ்வளவு போகிறது என்பதே கூட்டிப் பார்த்தபின்தான் தெரிகிறது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம், குழுக் கடன், தெரு வியாபாரிகள் அட்டை ஆகியவற்றின் படிவங்களைப் படித்து நிரப்பித் தரலாம். வங்கிக்கு உடன் செல்லலாம். நம்முள் சிலர் நாளை இதே தொழிலுக்கு வரலாம்; சிலர் வங்கியிலோ அலுவலகத்திலோ மேசைக்கு அந்தப்பக்கம் அமரலாம். எந்தப்பக்கம் இருந்தாலும், எதிரே கூடையோடு நிற்பவளை அமரச் சொல்லிப் பேசும் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்வோம்.

வகுப்பில் சத்தம் போட்டால் ஆசிரியைகள் கண்டிக்கட்டும். அது எங்கள் நன்மைக்கே. ஆனால் மீன் கடையை அதற்கு உவமை சொல்ல வேண்டாம் என்று மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அங்கே நடப்பது வெறும் சத்தமன்று. கணிதம், வானியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த பாடம் அது. அந்தப் பாடத்தைக் காலை நான்கு மணிக்கே தொடங்கிவிட்டுத்தான் நம் தாய்மார் நம்மைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.